எடைக்கு எடை உப்பு

இங்கன உக்காருங்க, தாராளமா உக்காருங்க. பையை நான் மடியில வச்சுக்கிடுதேன். அந்தத் தூக்குச்சட்டிய மட்டும் தட்டிவிட்டுராதிய, மூடி கொஞ்சம் லூசு. உங்களுக்கு யாரு உள்ள? வீட்டுக்காரரா? என்ன செய்யுது? ஏணியில இருந்து விழுந்து கால் எலும்பு முறிஞ்சிருச்சா? அட, அதுக்கா மூஞ்சிய இப்படித் தூக்கி வச்சிருக்கிய! எலும்புன்னா கவலையே இல்லம்மா. கட்டுப் போட்டா ஒட்டிக்கிடும். என்னது, ஆஸ்பத்திரி சோறு எறங்க மாட்டேங்குதுன்னு சண்டை போடுதாரா? போடட்டும், போடட்டும். சண்டை போட மூச்சு இருக்குல்லா, அதுக்கே நீங்க சாமிக்குத் தேங்கா உடைக்கணும்.

என் தம்பிக்கு ஹார்ட்டு. சுயம்புன்னு பேரு. ஹார்ட்டு தளந்து போச்சாம், ரத்தத்தத் தள்ள மாட்டேங்காம். தள்ளாம தேங்குன தண்ணியெல்லாம் நெஞ்சுலயும் கால்லயும் போய்க் கெட்டிக்கிடுதாம். டாக்டரம்மா படம் போட்டுக் காட்டுனாவ. நல்ல பிள்ளைதான் அந்த டாக்டரம்மா, கோவம் மட்டும் மூக்கு நுனியில நிக்கும். ரெண்டாவது தடவையா கொண்டாந்து சேத்திருக்கோம். எல்லாத்துக்கும் யாரு காரணம்னு கேளுங்க. கேக்க மாட்டியளா? சரி, நானே சொல்லுதேன். அவன் பொண்டாட்டி. பட்டுக்கனின்னு பேரு வச்சிருக்காவ, பட்டும் கெடையாது, கனியும் கெடையாது.

மெதுவாப் பேசணுமோ? இல்ல, அவ உள்ளதான் இருக்கா, கேக்காது.

எங்க குடும்பமே உப்பளத்துக் குடும்பம். எங்க அய்யா அளத்துல உப்பு வாருனவரு. எங்கம்மா தலையில உப்புச் சுமந்தவ. சுயம்பு பொறந்த கொஞ்ச நாள்ல அவ போய்ச் சேந்துட்டா. அன்னையில இருந்து அவனுக்கு ஆத்தாளும் நான்தான், அக்காளும் நான்தான். உப்புக் குமி நெழல்ல துணியப் போட்டு அவனப் படுக்கவச்சுட்டு நான் வேலை செஞ்சிருக்கேன். பெறகு அவன் படிச்சு, அதே அளத்துல லாரிய எடை போடுற வேலையில சேந்தான். வெறும் வண்டிய ஒரு தடவை நிறுக்கணும், உப்பு ஏத்துன பெறகு ஒரு தடவை நிறுக்கணும். அவன் கண்ணால பாத்தே லோடு எம்புட்டுன்னு சொல்லிருவான். அப்படி உப்புலயே பொறந்து உப்புலயே வளந்தவனப் பாத்து, உனக்கு உப்பு ஆகாதுன்னு சொன்னா என்ன நியாயம்? நீங்களே சொல்லுங்க.

மொத தடவை எப்படி ஆச்சுன்னா, ஒரு மாசமாவே அவன் முகம் நல்லா பூரிச்சு வந்துச்சு. காலு ரெண்டும் திம்முன்னு இருந்துச்சு. நான் சந்தோசப்பட்டேன். கல்யாணமாகி இத்தனை வருசத்துல இப்பதான் எந்தம்பி உடம்புல சதை பிடிச்சிருக்கு, அந்தச் சிறுக்கி இப்பதான் ஒழுங்கா சோறு போடுதான்னு நெனச்சேன். பாத்தா படுக்க மாட்டேங்கான். படுத்தா மூச்சு முட்டுதாம். தலையணைக்கு மேல தலையணை அடுக்கி, கடைசியில சேர்ல உக்காந்தே தூங்குனான். பெறகு ஒரு நாள் மூச்சே விட முடியாம இங்க தூக்கிட்டு வந்தோம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மூக்குல குழாயோட கெடந்தான். எனக்கு ஈரக்கொலையே அறுந்துபோச்சு. அவன விட்டா எனக்கு யாரு இருக்கா சொல்லுங்க? வீட்டுக்காரரும் போய்ச் சேந்துட்டாரு, பிள்ளையும் கெடையாது. அப்படியே தரையில விழுந்து வேண்டிக்கிட்டேன். தேரிக்காட்டு சாஸ்தாவே, எந்தம்பியக் காப்பாத்திக் குடு, ஒன் கோயில்ல அவனத் தராசுல வச்சு எடைக்கு எடை உப்பு குடுக்கேன்னு.

உப்பு சல்லிசு, அதான் நேந்துக்கிட்டான்னு பட்டுக்கனி தங்கச்சிக்காரி பேசுனாளாம். பேசட்டும். எங்க கையில என்ன இருக்கோ அதத்தான குடுக்க முடியும்?

சாஸ்தா காப்பாத்திட்டாரு. ஆனா இங்க என்ன செஞ்சாவ தெரியுமா? ஊசியப் போட்டு, மாத்திரையக் குடுத்து, தண்ணி தண்ணியா ஒண்ணுக்குப் போகவச்சு, என் தம்பியக் கரைச்சுட்டாவ! வீட்டுக்கு வந்தப்ப சட்டை தோள்ல நிக்கல, வேட்டி இடுப்புல நிக்கல. நான் ஓன்னு அழுதுட்டேன். அவன் சிரிக்கான். "அக்கா, அழாத. அது சதை இல்ல, தண்ணி. லோடை எறக்கிட்டாவ. இப்ப நிக்கிறது வெறும் வண்டி எடை"ங்கான். எனக்கு வேற கவலை. நான் நேந்துக்கிட்டப்ப அவன் இருந்த எடை என்ன, இப்ப இருக்கிற எடை என்ன? சாமிகிட்ட ஒரு எடையச் சொல்லிட்டுப் பெறகு இன்னொரு எடையக் கொண்டுபோய் நிறுத்துனா, சாஸ்தா என்னைய என்ன நெனப்பாரு? அளத்துக்காரி எடையில கைவரிசை காட்டிட்டான்னு நெனக்க மாட்டாரா? எங்க பரம்பரைக்கே அந்தப் பேரு கெடையாதும்மா.

டாக்டரம்மா வேற சட்டம் போட்டு அனுப்புனாவ. மாத்திரை ஆயுசு பூரா போடணுமாம். நல்லாயிட்டேன்னு நிறுத்தக் கூடாதாம், நல்லாயிருக்கதே மாத்திரையாலதானாம். தண்ணிய அளந்து குடிக்கணுமாம். உப்பு பேருக்குத்தானாம். தெனமும் காலையில எடை பாக்கணுமாம், திடீர்னு கூடுனா ஓடி வரணுமாம். எடை குறைஞ்சா ஓடி வரச் சொன்னா ஒரு அர்த்தம் இருக்கு. கூடுனா ஓடி வரவா? உலகத்துல எங்கயாவது உண்டுமா?

எந்தம்பி பொண்டாட்டி அத அப்படியே பிடிச்சுக்கிட்டா பாருங்க! ஒரு எடை மெசின் வாங்கிப் போட்டுட்டா. விடிஞ்சதும் விடியாததுமா பல்லு வெளக்குறதுக்கு முன்னால அவன ஏத்திவிட்டு, குனிஞ்சு பாத்து, காலண்டர்ல எழுதிவைப்பா. லாரிய எடை போட்டவன இவ எடை போடுதா. தண்ணிக்கு ஒரு பாட்டில். ரசம் ஒரு கரண்டி குடிச்சான்னா பாட்டில்ல அந்த அளவுக்குத் தண்ணியக் கீழ ஊத்திருவா. ஜெயில்ல கூட தண்ணி கேட்டா குடுப்பாவ. குழம்பு வச்சிருந்தா, நான் ஒரு நாள் நாக்குல தொட்டுப் பாத்தேன். கழனித் தண்ணி கெட்டுது போங்க. அவன் அத ஒண்ணும் சொல்லாம திங்கான். எனக்கு வயிறு எரியுமா எரியாதா?

அதனால நான் அவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமா ஒத்தாசை செஞ்சேன். உப்பா? சேச்சே! டாக்டரம்மா உப்பு போடக் கூடாதுன்னு சொன்னாவல்லா, நான் ஒரு கல் உப்பு போடல. என் அடுப்புல என் கையால உப்பு டப்பாவத் தொடல. சத்தியமாச் சொல்லுதேன். சாளக் கருவாட்டுக் குழம்பு வச்சேன், அதுக்கு உப்பே போட வேண்டாம். அப்பளம் சுட்டேன், அப்பளத்துல யாரு உப்பு போடுதா? மாங்கா ஊறுகா போன வருசம் போட்டது. அது பழைய உப்பு, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? மோர்மிளகா, சுண்டவத்தல், அம்புட்டுத்தான்.

அவன் சாயங்காலம் நடக்கப் போவான். டாக்டரம்மா நடக்கச் சொல்லியிருக்காவ. நேரா எங்க தெருவுக்கு நடந்துருவான். கதவத் தொறந்ததும், "அக்கா, இன்னைக்கு என்ன இருக்கு?"ம்பான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான நான் காலையில இருந்து அடுப்படியில நிக்கேன்? கருவாட்டுக் குழம்ப ஊத்துன உடனே கண்ணு கலங்கிரும் அவனுக்கு. விரல நக்கிக்கிட்டே, "பட்டுக்குத் தெரிஞ்சா கொன்னுருவாக்கா"ம்பான். "ஏன் எய்யா பயப்படுத, அவ கெடக்கா"ம்பேன். வாய நல்லா கொப்பளிச்சு, ஒரு வெத்தலையப் போட்டு அனுப்பிவைப்பேன். ரெண்டு பேரும் களவாணிப் பிள்ளைக மாதிரி சிரிப்போம். அந்தச் சிரிப்ப நான் எத்தனை வருசமாப் பாக்கல தெரியுமா?

அப்ப உடம்பு தேறுச்சு. நல்லாவே தேறுச்சு. முகம் பழையபடி பூரிச்சுது. எடை மெசின்ல முள்ளு ஏறுது ஏறுதுன்னு பட்டுக்கனி மொகம் சுண்டிப்போச்சு. எனக்குச் சந்தோசம் தாங்கல. எம்மா, புருசன் தேறுனா பொண்டாட்டிக்கு மொகம் சுண்டுமா? அவ டாக்டரம்மாவுக்குப் போன் போட, அந்தத் தண்ணி மாத்திரையக் கூட்டிக் குடுக்கச் சொல்லிட்டாவ. நான் இங்க ஏத்த, அவ அங்க எறக்க, நான் ஏத்த, அவ எறக்க. எதனால ஏறுதுன்னு அவளுக்குப் புரியல, எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. அவ வந்து எங்கிட்டயே கேக்கா: "மதினி, நான் என்ன தப்பு செய்யுதேன்னு தெரியல. அளந்துதான் குடுக்கேன், பின்ன எப்படி ஏறுது?" கண்ணுல தண்ணி நிக்குது. "எல்லாம் சாஸ்தா கிருபை"ன்னேன். வேற என்ன சொல்ல?

எடை கிட்டத்தட்ட பழைய எடைக்கு வந்ததும், நேத்திக்கடனுக்கு நாள் பாத்தேன். முந்தாநாள் வெள்ளிக்கிழமை. வேன் பிடிச்சோம். கிளம்புறப்ப அவ மாத்திரையெல்லாம் எடுத்து அவன் கையில வச்சா. அந்தத் தண்ணி மாத்திரையப் போட்டா அரை மணிக்கொரு தடவை ஒதுங்கணும். தேரிக்காட்டு வழியில செம்மணலத் தவிர என்ன இருக்கு? சாமி காரியத்துக்குப் போறப்ப வேன நிறுத்தி நிறுத்தி ஒதுங்குனா நல்லாவா இருக்கும்? நான் கண்ணக் காட்டுனேன். அவன் தண்ணிய மட்டும் குடிச்சுட்டு அந்த மாத்திரையச் சட்டைப் பையில போட்டுக்கிட்டான். நாளைக்கு ரெண்டாப் போட்டுக்கிட்டாப் போச்சு, என்ன இப்ப?

கோயில்ல பெரிய தராசு கெட்டியிருந்தாவ. ஒரு தட்டுல தம்பி சம்மணம் போட்டு உக்காந்துட்டான். மாலை போட்டு, நெத்தி நெறையத் திருநீறு. மறுதட்டுல பூசாரி உப்பு மூட்டைய ஏத்துதாரு. தட்டு எறங்கல. இன்னொண்ணு. எறங்கல. நான் கொண்டுபோன உப்பெல்லாம் தீந்துபோச்சும்மா! பட்டுக்கனி மெசின் கணக்க நம்பிக் கொண்டுபோன உப்பு பத்தல! பக்கத்துக் கடையில இருந்த உப்புப் பாக்கெட்டெல்லாம் வாங்கிட்டு வரச் சொன்னேன். எனக்குப் பெருமை பிடிபடல. ஒரு ராத்திரியில எடை கூட்டிக் குடுத்துட்டாரே சாஸ்தான்னு வாய் நெறையக் குலவை போட்டேன்.

தட்டு சமமா நின்னுச்சு. அப்பதான் தம்பிக்கு உடம்பு ஒரு குலுக்குக் குலுக்குச்சு. புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு. கண்ணு மேல சொருகுது. வேர்வை ஆறா ஊத்துது. வாயில நுரை மாதிரி. பூசாரி "வந்துட்டாரு! சாஸ்தா எறங்கிட்டாரு!"ன்னு சத்தம் போட்டுட்டாரு. அம்புட்டுத்தான், மேளக்காரன் பிடிச்சுட்டான் பிடி. கோயில்ல இருந்த சனமெல்லாம் கால்ல விழுது. ஒருத்தி பிள்ளையத் தூக்கிட்டு வந்து திருநீறு போடச் சொல்லுதா. இன்னொரு அம்மா, "சாமி, எம்மவளுக்கு எப்ப கல்யாணம் கூடும்?"ன்னு கேக்கா. அவன் பேச முடியாம கைய மூணு தடவை ஆட்டுனான், அவ மூணு மாசம்னு சந்தோசமாப் போயிட்டா. சிரிக்காதிய! நானும் நம்புனேன். கையெடுத்துக் கும்பிட்டேன், எந்தம்பிய. எங்க வம்சத்துல இதுவரைக்கும் யாருக்கும் சாமி வந்ததில்ல.

அந்தப் பட்டுக்கனி இருக்காளே, அவளுக்கு எங்க இருந்துதான் அந்தக் குரல் வந்துச்சோ. "சாமியும் இல்ல பூதமும் இல்ல, தள்ளுங்க எல்லாரும்!"னு கத்திக்கிட்டு, மேளக்காரன ஒரு தள்ளு, பூசாரிய ஒரு தள்ளு. மாலையப் பிச்சு எறிஞ்சா. அவனப் படுக்கவைக்காம தோளோட சாச்சு உக்காத்தி, வேன்ல ஏத்தி, வழி பூரா நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வந்தா. எதிர்ல உக்காந்திருந்த என்னையப் பாத்து அவன் திக்கித் திக்கி ஒண்ணே ஒண்ணுதான் சொன்னான்: "லோடு… கூடிருச்சுக்கா."

தண்ணி இருக்கா உங்ககிட்ட? ஒரு வாய் குடுங்க. தொண்ட காயுது.

இங்க வந்ததும் முகமூடி மாதிரி ஒண்ண மூஞ்சியில மாட்டி, ஊசி மேல ஊசி போட்டாவ. நர்சம்மா சட்டையக் கழட்டுறப்ப பையில இருந்து அந்த மாத்திரை வேர்வையில ஊறி வந்து விழுந்துச்சு. டாக்டரம்மா அதக் கையில எடுத்துப் பாத்தாவ. "யாரு இத நிறுத்துனது? இம்புட்டு உப்பு யாரு குடுத்தது? காலைப் பாருங்க, விரல வச்சா குழி விழுது. இன்னொரு தடவை இப்படிக் கொண்டு வந்தா இந்த ஹார்ட்டு தாங்காது, என்னால ஒண்ணும் செய்ய முடியாது. சொல்லுங்க, யாரு?"ன்னு ஒரு சத்தம். நான் செவரோட செவரா நிக்கேன். தம்பி முகமூடிக்குள்ள இருந்து என்னையப் பாக்கான். பட்டுக்கனி அவனப் பாத்தா, அவன் பாத்த பக்கம் பாத்தா, என்னையப் பாத்தா. பெறகு டாக்டரம்மா பக்கம் திரும்பி, "நான்தான் டாக்டர். நாக்குக்குக் கேக்காவளேன்னு நான்தான் குடுத்தேன். மாத்திரையும் நான்தான் மறந்துட்டேன்"னுட்டா.

பாத்தியளா! ஒத்துக்கிட்டா! அவ வாயாலயே ஒத்துக்கிட்டா! டாக்டரம்மா அவள நாயே பேயேன்னு ஏசுனாவ. தலையக் குனிஞ்சுக்கிட்டு எல்லாத்தையும் வாங்கிக்கிட்டா. நான் அப்பவே சொல்லலையா, எல்லாத்துக்கும் அவதான் காரணம்னு?

என்ன அப்படிப் பாக்கிய?

பெறகு வெளிய வந்தா. சண்டைக்கு வாரா, வரட்டும், நம்மகிட்டயும் வாய் இருக்குன்னு சேலைய இழுத்துச் செருகிக்கிட்டு நின்னேன். வந்தவ, "மதினி, காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலையே நீங்க"ன்னா. கேன்டீன்ல இட்லி வாங்கிக் குடுத்தா. பிட்டு வாயில வச்சேன், எறங்க மாட்டேங்குது. ஏசியிருந்தா நானும் ரெண்டு ஏசிட்டு நிம்மதியாத் தின்னிருப்பேன். இட்லி வாங்கிக் குடுத்தா என்ன செய்ய முடியும் சொல்லுங்க? ரொம்ப மோசமான பொம்பளைம்மா அவ.

இன்னைக்குக் காலையில எந்திரிச்சு, என்ன செய்யுதேன்னு தெரியாமலே கருவாட்டக் கழுவிட்டேன். கை அதுபாட்டுக்குச் செய்யுது. குழம்பு கொதிக்கிறப்பதான் பாத்தேன். கீழ ஊத்த மனசு வரல. தூக்கிட்டு வந்துட்டேன். வந்ததுல இருந்து இங்கனயே உக்காந்திருக்கேன், உள்ள போகல. பார்வை நேரம் தொடங்கி எம்புட்டு நேரமாச்சோ. காவக்காரர் பையெல்லாம் பாக்க மாட்டாரு, நல்ல மனுசன், நேத்தே விசாரிச்சு வச்சுட்டேன். போகணும்னா போகலாம்.

அந்தா, வாரா. கதவுகிட்ட நிக்கா பாருங்க, மஞ்சச் சேலை. என்னட்டி? என்னவாம்? … கேட்டியளா? "மதினி, முகமூடிய எடுத்துட்டாவ. கண்ணு முழிச்சதும் உங்களத்தான் கேக்காவ, வாங்க"ங்கா. எம்மா, கேட்டியளா, என்னையத்தான் கேக்கானாம்!

இருங்க, இருங்க. இந்தாங்க, இந்தத் தூக்குச்சட்டிய நீங்க பிடிங்க. உங்க வீட்டுக்காரருக்கு எலும்புதான? ஹார்ட்டு, கிட்னி, கொதிப்பு ஒண்ணும் கெடையாதுல்லா? நல்லாக் கேட்டுக்கிட்டியளா? சத்தியமா? அப்ப சோத்துல ஊத்திக் குடுங்க, சண்டைய விட்டுருவாரு. சட்டிய மெதுவாக் கழுவிக் குடுத்தாப் போதும், எனக்கு இனிமே அது அவசரமில்ல. யாராவது கேட்டா உங்க வீட்டுக் குழம்புன்னு சொல்லிருங்க.

வாரேன்ட்டி, வாரேன், நீ முன்னால நட!

அவன் பால்குடி மறந்த நாள்ல இருந்து நான் அவன் முன்னால வெறுங்கையோட போய் நின்னதே இல்லம்மா. இப்ப உள்ள போய் இந்த ரெண்டு கையையும் எங்க வச்சுக்கிட்டு நிக்கதுன்னுதான் தெரியல.